இராஜபாளையத்து வெண்ணாய்

2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டது. முதோல், இராம்பூர் வேட்டை நாய்களோடும் இமயமலை ஆட்டு நாயோடும் அவ்வரிசையில் இடம்பெற்றது இராஜபாளையம் நாய். அல்சேஷனையும் பொமரேனியனையும் கண்டவுடன் இனம் சொல்லும் தில்லித் தமிழ்ப் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

தமிழர்க்கு வேட்டை நாய் புதிதன்று. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குருளை' என்னும் ஒரே பெயரைத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. துரத்துவதும் துரத்தப்படுவதும் ஒரு பெயருள் அடங்கியமை சுவையானதே. வலை கட்டி, நாய்களை ஏவி முயல் பிடித்த வேட்டுவரைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உளது. தொறுப்பூசலில் வீழ்ந்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் அது நினைவுகூர்கிறது. நாய்க்குப் பெயர் பொறித்த கல்!

கோவிவனே இராஜபாளையம் நாயின் முன்னோன் என்று சொல்லிவிட ஆசை எழும். அது வரலாறாகாது. கல் அதன் வீரத்தைக் கூறுகிறதேயன்றி இனத்தைக் கூறவில்லை. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 'பாளையக்காரர் நாய்' என்றொரு தென்னாட்டுப் பெருநாயைக் குறிப்பிடுகிறது. ஆனால் அது மயிரற்றது என்கிறது. நம் நாய்க்கோ குட்டை மயிர் உண்டு. இரண்டும் ஒன்றெனத் துணிதல் அரிது.

விசயநகரக் காலத்தில் ஆந்திர நாட்டினின்று தெற்கே வந்த இராஜுக்கள் குடியமர்ந்த ஊர் இராஜபாளையம். மேற்கு மலைத்தொடரின் அடிவாரமாதலின் காட்டுப்பன்றிக்குக் குறைவில்லை. பன்றி வேட்டைக்கு வேண்டிய ஆழ்ந்த மார்பும் நீண்ட காலும் இந்நாயிடம் காணலாம். தூய வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் ஆகியன மட்டும் வேட்டையின் தேவையல்ல, மனிதர் விருப்பம். புள்ளியும் பழுப்பும் உடைய குட்டிகளும் பிறப்பதுண்டு. அவற்றை ஒதுக்கி, வெள்ளையை வெள்ளையோடே தலைமுறை தலைமுறையாக இணைத்தனர்.

இதற்கு விலை செவிப்புலன். தோலுக்கு நிறமூட்டும் உயிரணுக்கள் உட்செவிக்கும் இன்றியமையாதவை. அவை அங்கு இல்லாதபோது பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் ஆற்றல் அழிகிறது. மேனாட்டு டால்மேஷன் நாய்க்கும் இதே கதி உண்டு. காவலுக்கென வளர்த்த நாய் காலடியோசை கேளாது போவதை என்னென்பது!

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை ஒடுங்கிற்று. இனம் அருகவே, தமிழக அரசு சைதாப்பேட்டையில் இனப்பெருக்க நிலையம் நிறுவியது. இன்று குட்டி வாங்க ஊருக்குச் செல்லும் அன்பர்கள், நிறத்தை நோக்குமுன் அதன் பின்புறம் நின்று கைதட்டிப் பார்த்தல் நன்று. ஒரு செவி மட்டும் கேளாத குட்டி இச்சோதனையில் தப்பிவிடும். அதற்குக் கால்நடை மருத்துவரிடமே செல்லல் வேண்டும்.