பெரியம்மாவின் காதில் ஒரு வண்டு

இன்னைக்கு எபிசோட் ஒரு சத்தத்தைப் பத்தி. 2000-களில் வளர்ந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கத்துல செல்போன் இருந்தா, ரிங் அடிக்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடி "டிக்-டிடிக்... டிர்ர்ர்" என்று கேட்குமே, அதுதான். "இப்போ கால் வரும் பாரு" என்று அதை வைத்து நாங்கள் வித்தை காட்டுவோம்.

என் பெரியம்மாவுக்கு அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. அவங்க வீடு நோணாங்குப்பத்துல, சுண்ணாம்பாறு படகு குழாமுக்குப் பக்கம். காதுக்குப் பின்னால மாட்டுற மெஷின் போட்டிருந்தாங்க. வீட்டுக்கு முதல் செல்போன் வந்த அன்னைக்கு ஆசையா காதுல வச்சாங்க. உடனே எடுத்து என் கையில கொடுத்துட்டாங்க. "தம்பி, இதுக்குள்ள வண்டு இருக்குடா."

அதுக்கப்புறம் போன் பேசணும்னா மெஷினைக் கழற்றி மேசை மேல வச்சுட்டுத்தான் பேசுவாங்க. காது கேட்கப் போட்ட மெஷின், காது கேட்கணும்னா கழற்ற வேண்டியிருந்தது! இந்தப் பக்கம் நான் கத்துற கத்துல எங்க குடும்ப விஷயம் மொத்தமும் ஹாஸ்டலுக்கே தெரியும்.

அந்த வண்டு எங்கேயிருந்து வந்தது? 1995 ஜூலை 31 அன்று ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த சுக்ராமை அழைத்தார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. அப்போது வந்த நெட்வொர்க் ஜிஎஸ்எம் வகை. ஒரே அலைவரிசையை எட்டு போன்கள் முறைவைத்துப் பங்குபோடும். அதனால் ஒவ்வொரு போனும் நொடிக்கு 217 தடவை தன் ரேடியோவைப் போட்டுப் போட்டு அணைக்கும். உச்சத்தில் 2 வாட் வரை சக்தி. பக்கத்தில் இருக்கும் மெஷினின் மெல்லிய கம்பிகள் அந்தத் துடிப்பை ஆன்டெனா மாதிரி பிடிக்கும், ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கும். அவ்வளவுதான், வண்டு தயார்.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம், போனின் பூர்வீகம். 1876-ல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல், பாஸ்டனில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த வாத்தியார். அவருடைய அம்மாவுக்குக் காது கேட்காது, மனைவி மேபலுக்கும் கேட்காது. 1900-ஐ ஒட்டி வந்த முதல் மின்சாரக் காது மெஷின்கள் டெலிபோனின் கார்பன் மைக்கைக் கடன் வாங்கித்தான் பிறந்தன. 1947-ல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடித்தார்கள். அது நுழைந்து கடைக்கு வந்த முதல் பொருள் எது? ரேடியோ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இல்லை, 1952 கடைசியில் வந்த காது மெஷின். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆனது. பெல்லின் நினைவாக, காது மெஷின் கம்பெனிகளிடம் டிரான்சிஸ்டருக்கு ராயல்டியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

இப்படி ஒட்டிப் பிறந்த ரெண்டும், நம்ம செல்போன் காலத்துல முகம் கொடுத்துக்கல.

பழைய போன்ல இந்தச் சிக்கல் இல்லை. ரிசீவருக்குள்ள இருக்கும் காந்தச் சுருளிலிருந்து காந்தப்புலம் வெளியே கசியும். மெஷின்ல 'டி' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும்; அதைத் தள்ளினால் மைக் அணைந்து, உள்ளே இருக்கும் சின்னச் சுருள் அந்தக் கசிவை நேராகப் பிடிக்கும். பஸ் சத்தம் கிடையாது, விசில் கிடையாது. கடலூர் ரோட்டு எஸ்டிடி பூத்ல பெரியம்மா 'டி'யில போட்டுக்கிட்டு நிம்மதியா பேசினதை நானே பார்த்திருக்கேன். பூத்துகள் மூடினப்போ நாம யாரும் கவலைப்படல. அவங்களுக்கு அது பெரிய இழப்பு.

அமெரிக்காவில் 1988-லேயே சட்டம் வந்தது: போன்கள் காது மெஷினோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் செல்போனுக்கு விலக்கு! அந்த விலக்கைத் தளர்த்த 2003 ஆனது. அதன்பிறகுதான் எம்3, டி3 என்று தரக்குறியீடுகள் வந்தன.

இங்கே பெரியம்மாவுக்கு யாரும் அதைச் சொல்லல. கடைசியில ஒரு ஆடியாலஜிஸ்ட்தான் இன்னொரு சின்ன விஷயம் சொன்னார்: போனைக் காது துவாரத்துல அழுத்தாதீங்க, விசில் அடிக்கும், மெஷினோட மைக் காதுக்கு மேல இருக்கு, போனை அங்கே கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. இதுக்கு நாலு வருஷம்.

3ஜி வந்ததும் வண்டு பெரும்பாலும் அடங்கிப்போச்சு. அடுத்த வில்லன் பேட்டரி.

பெரியம்மா போனை டிவி மேல வச்சு ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவாங்க, முழுசா செத்தாத்தான் எடுத்து மாட்டுவாங்க. இந்த வழக்கம் நிக்கல் பேட்டரி காலத்துப் பாடம். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் பேட்டரிக்கு ரெண்டுமே ஆகாது. அதற்குச் சூடும் எதிரி, அடிக்கடி பூஜ்யத்துக்கு இறங்குவதும் எதிரி. 2007 ஆகஸ்டில் நோக்கியா, 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் சூடாகலாம் என்று எச்சரித்தபோது மட்டும், மூடியைக் கழற்றி என்னை அந்த 26 இலக்க எண்ணைப் படிக்க வச்சாங்க.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. நோணாங்குப்பம் அந்த ரோட்டு மேலேயே இருக்கு. கரண்ட் போச்சு. நான் சென்னையிலிருந்து அடிச்சுக்கிட்டே இருந்தேன், ஸ்விட்ச் ஆஃப். நாலாவது நாள் ஜெனரேட்டர் வச்ச ஒரு கடையில சார்ஜ் போட்டுட்டுக் கூப்பிட்டாங்க. "காது நல்லா கேட்குதுடா, போன்தான் செத்துப்போச்சு."

காது கேட்டதுக்குக் காரணம், அந்த மெஷின்ல இருந்தது துத்தநாகக் காற்று செல். ஸ்டிக்கரை உரிச்சதும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்து வேலை செய்யும், கரண்ட் தேவையில்லை. திரும்ப ஒட்டினாலும் நிற்காது. உரிச்சு ஐந்து நிமிஷம் விட்டு மாட்டணும். ஃபிரிட்ஜ்ல வைக்கக்கூடாது, ஈரம் கோர்த்துக்கும்.

இப்போ அவங்ககிட்ட இருக்கிறது ப்ளூடூத் மெஷின், போன் பேச்சு நேரா காதுக்குள்ள வந்துடும். அதையும் தினமும் சார்ஜ் போடணும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது, அடுத்த நாளே போனும் செத்தது, காதும் செத்தது.

பழைய மெஷினை அவங்க தூக்கிப் போடல. ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டின 13-ம் நம்பர் செல் ஒரு அட்டையோட அலமாரியில இருக்கு. போன வாரம் போனப்போ எடுத்துக் காட்டி, காலாவதி தேதி படிக்கச் சொன்னாங்க.