மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள்

எரிபொருளின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறும் காலங்களில் வண்டி ஓட்டுவோருக்குத் திறந்திருக்கும் வழிகள் மிகச் சிலவே. ஓட்டத்தைக் குறைக்கலாம், வாடகையைக் கூட்டலாம், வண்டியைக் கொட்டிலில் விட்டுவிட்டு நடக்கலாம். இவை மூன்றும் எவருக்கும் உடனே தோன்றுவன. நான்காவது வழி, வேறோர் எரிபொருளைத் தேடுவது. அதற்குத் துணிவும் வேண்டும், இயந்திரத்தின் இயல்பை அறிந்த கைகளும் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெற்றோல் படைகளுக்கென ஒதுக்கப்பட்டபோது உலகின் பல நாடுகள் இந்த நான்காவது வழியையே நாடின. தமிழகத்தில் கரிவாயுவினால் பஸ்கள் ஓடின. வண்டியின் பின்புறத்தில் ஓர் உருளை அடுப்புப் பொருத்தப்பட்டு, அதில் மரக்கரி இட்டுக் கனலூட்டப்படும். காற்றாடியைக் கையாற் சுழற்றிக் கனல் மூண்டு வாயு பிறக்கும்வரை சாரதியும் பயணிகளும் காத்திருக்க வேண்டும். பெற்றோலில் ஓடும்போது கிடைத்த வலுவில் ஒரு பங்கு குறைந்துவிடும் ஆதலின், மேடுகளில் வண்டி மூச்சுத் திணறும். போர் முடிந்து பெற்றோல் தாராளமாகக் கிடைத்ததும் கரியடுப்புகள் கழற்றி எறியப்பட்டன.

இலங்கையின் வட பகுதியில் அரை நூற்றாண்டின் பின்னர் எழுந்த தட்டுப்பாட்டுக்குக் கரி விடையாகவில்லை. அங்கே மோட்டார் வண்டிகளை ஓட்டியது மண்ணெண்ணெய். விளக்கெரிக்கும் எண்ணெயில் ஒரு கார் எவ்வாறு ஓடும் என்ற வினாவுக்கு விடையின் ஒரு பாதி பிரித்தானியாவில் இருக்கின்றது.

போர் முடிந்த பின்னரும் பிரித்தானியாவில் 1953ஆம் ஆண்டு வரை வணிகப் பெயர்கள் எவையுமற்ற, தரங்குறைந்த பொதுப் பெற்றோல் ஒன்றே விற்கப்பட்டது. பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவையை எஞ்சின் எவ்வளவு நெருக்குகின்றதோ அவ்வளவுக்கு வலு மிகும். ஆனால், தரங்குறைந்த எரிபொருளை அளவுக்கு மிஞ்சி நெருக்கினால் அது தீப்பொறியின் ஒழுங்குக்கு அடங்காமல் தானே வெடித்து எஞ்சினைத் தட்டத் தொடங்கும். எனவே அக்காலத்துப் பிரித்தானியப் பொறியியலாளர் தங்கள் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தை ஏழு மடங்கை அண்டியே வைத்தனர். 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-40, 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் ஆகியன இவ்வாறு பிறந்தவையே. உழவு இயந்திரங்களோ இன்னும் ஒரு படி இறங்கின. மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவான ஓர் எண்ணெயிலேயே அவற்றுட் பல ஓடின. முதலிற் பெற்றோலால் எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் குழாயைத் திருப்பி மலிவான எண்ணெயை விடுவது அவற்றின் முறை.

ஒஸ்ரினும் மொறிஸும் இலங்கைக்குப் பெருந்தொகையாக வந்திறங்கின. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, இருந்த வண்டிகளைப் பேணுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. தேய்ந்த உறுப்பைக் கடைந்து சரிசெய்யவும், ஒரு வண்டியின் பாகத்தை இன்னொன்றுக்குப் பொருத்தவும் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் கற்றுத் தேர்ந்தனர். 1973இன் பிற்பகுதியில் அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலைக் குறைத்ததும், பீப்பாய் ஒன்றின் விலை சுமார் 3 டொலரிலிருந்து சில மாதங்களில் 11 டொலருக்கு மேல் ஏறியதும் இப்பழைய வண்டிகளைப் பேணும் கலைக்கு மேலும் மதிப்பைத் தந்தன.

விடையின் மற்றப் பாதி தோட்டங்களில் இருந்தது. ஆறற்ற குடாநாட்டில் கமம் என்பது கிணற்றை நம்பியது. துலா மிதித்து இறைத்த காலம் மாறி, நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டு உள்ளூர் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தபோது அவை மேலும் பெருகின. அவற்றுட் பல பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. சிறு தாங்கியில் பெற்றோல், பெருந்தாங்கியில் மண்ணெண்ணெய். சூடேறியதும் குழாயை மாற்றவேண்டும். இதைப் பள்ளிக்கூடம் போகாத கமக்காரனும் அறிந்திருந்தான். பின்னர் காருக்கு நேர்ந்தது என்னவென்றால், நீரிறைக்கும் இயந்திரத்தின் பாடம் அதற்கும் கற்பிக்கப்பட்டது என்பதே.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, பசளை முதலியன தடைக்குள்ளாயின, மின்சாரமும் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீடாகச் சிறிதளவு வந்தது. வெளிச் சந்தையில் அதன் விலை கொழும்பு விலையின் பல மடங்கு. பெற்றோலோ போத்தலில் அடைத்து மருந்தைப்போல விற்கப்படும் பொருளாயிற்று.

அந்நிலையிலேதான் கொட்டில்களில் கிடந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் வீதிக்கு வந்தன. சாரதி ஒரு சிறு போத்தலிலே சிறிதளவு பெற்றோலை வைத்திருப்பார். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று காபரேற்றருக்குச் செல்லும். அந்தப் பெற்றோலில் எஞ்சின் உயிர்பெற்றுச் சூடேறியதும் மண்ணெண்ணெய் விடப்படும். வழியில் எஞ்சின் நின்று ஆறிவிட்டால் மறுபடியும் பெற்றோல் செலவாகும் என்பதனால், ஆட்களை ஏற்றி இறக்கும்போதும் அதை நிறுத்தமாட்டார்கள். மோட்டார் சைக்கிள்காரர்களும் சில துளி பெற்றோலைச் செலுத்தி உதைத்து இயக்கிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓடினார்கள். தெருவெங்கும் வெண்புகையும், அடுக்களையை நினைவூட்டும் எண்ணெய் நெடியும் பரவின.

பற்றரித் தடையையும் பழைய கார்களே தாங்கின. வலுக்குன்றிய பற்றரியால் எஞ்சினைச் சுழற்ற இயலாது. ஆயினும் ஒரு தீப்பொறியைத் தர அது போதும். பழைய பிரித்தானியக் கார்களுக்கு முன்புறத்திலே கைப்பிடியைச் செருகிச் சுழற்றும் வசதி இருந்தது. 1977இன் பின் வந்த யப்பானியக் கார்கள் பலவற்றுக்கு அது இல்லை. தள்ளி இயக்கலாம் என்றாலோ, யாழ்ப்பாணத்து வீதிகளில் தேடினாலும் ஒரு சரிவு அகப்படாது. மேலும், நல்ல பெற்றோலை எண்ணி அமைக்கப்பட்ட உயர் அழுத்த எஞ்சின்கள் மண்ணெண்ணெயை விட்டதும் தட்டித் தட்டித் தம்மைத் தாமே அழித்துக்கொண்டன. புதிய வண்டி முடங்கிக் கிடக்க, நாற்பது வயதைக் கடந்த வண்டி ஓடியது. தரங்கெட்ட பெற்றோலுக்காக ஒரு நாடு செய்த எஞ்சின், பெற்றோலே இல்லாத இன்னொரு நாட்டில் கைகொடுத்தது.

இம்முறைக்குச் செலவு இல்லாமலில்லை. மண்ணெண்ணெய் முழுமையாக ஆவியாவதில்லை. எரியாத பகுதி சிலிண்டரின் சுவர் வழியே கசிந்து, அடியிலுள்ள எஞ்சின் எண்ணெயுடன் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். எண்ணெயை அடிக்கடி மாற்றாவிடில் உறுப்புகள் தேயும். மாற்றுவதற்கோ புதிய எண்ணெய் எளிதில் அகப்படாது. பிளக்குகளிற் கரி படியும். திறந்த போத்தலிற் பெற்றோலைச் சூடான எஞ்சினுக்கு அருகே வைத்திருப்பதின் ஆபத்தைச் சொல்லவேண்டியதில்லை. சாரதிகள் இவற்றை அறியாதவர்களல்லர். பிரசவ வேதனையில் இருந்தவளையும், குண்டடி பட்டவனையும் யாழ்ப்பாண மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வேறு வழி இல்லாத இரவுகளில், எஞ்சினின் ஆயுளை எண்ணிப் பார்ப்பவர் எவர்?

ஆனால் இதற்குள்ளே இன்னொரு வழக்கும் இருந்தது. அதே மண்ணெண்ணெய்தான் வீடுகளின் விளக்கு. மாணவர்கள் ஜாம் போத்தலில் திரியிட்டு, சிறிதளவு எண்ணெயை நாட்கணக்கில் பேணிப் பரீட்சைக்குப் படித்தனர். அதே மண்ணெண்ணெய்தான் தோட்டத்துக்கு நீர். கடற்றொழிலாளரின் வெளியிணைப்பு எஞ்சினுக்கும் அதுவே உணவு. கார் குடித்த ஒவ்வொரு லீற்றரும் இவற்றிலொன்றிலிருந்து எடுக்கப்பட்டதே. வாடகைக் காரின் தேவை மண்ணெண்ணெயின் விலையை உயர்த்த, அவ்விலையைக் காரிற் கால்வைக்காத ஏழையும் கொடுத்தார். சாரதிகளின் மதிநுட்பத்தைப் போற்றும் கதைகள் பல. இந்தக் கணக்கைச் சொல்லும் கதைகள் குறைவு. மிகப் பெரும்பாலான மக்கள் அன்று சைக்கிளிலேயே சென்றனர். விறகும், நெல் மூட்டையும், நோயாளியும் அதிலேயே ஏறின. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோதும் பெரும்பாலோர் நடந்தும், சைக்கிளை உருட்டிக்கொண்டுமே சென்றார்கள்.

2002ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும் பெற்றோல் வந்தது. மண்ணெண்ணெய் விளக்குக்கும் இறைப்புக்கும் திரும்பியது. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட, மோட்டார் சைக்கிள்களில் பழைய வெண்புகை மீண்டும் கிளம்பிற்று. 2009இல் போர் முடிந்த பின்னரும் யாழ்ப்பாண நகரில் வாடகைக்கு நின்ற பழைய ஒஸ்ரின்கள், தென்பகுதியிலிருந்து வந்தோரை வியப்பில் ஆழ்த்தின.

அடுத்த சோதனை நாடு முழுவதையும் தழுவியது. 2022இன் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாவை எட்டியது. விலையைக் கொடுக்க ஆயத்தமாயிருந்தவர்களும் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். மண்ணெண்ணெயோ அரச மானியத்தினால் 87 ரூபாவாகவே இருந்தது. இவ்வளவு பெரிய இடைவெளி மனிதரைச் சும்மா இருக்க விடுமா? டீசலுடன் மண்ணெண்ணெய் கலக்கப்படுகின்றது என்ற முறைப்பாடு எழுந்தது. கடற்றொழிலாளர் வெற்றுக் கலன்களுடன் காத்துக் கிடந்தனர். ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கணினியால் எரிபொருளை அளந்து செலுத்தும் புதிய கார்களுக்கு எவ்வாறும் அது உதவாது. அவற்றின் சாரதிகளுக்குக் கிடைத்தது, அதே ஆண்டு ஜூலையில் தொடங்கிய கியூ.ஆர். அட்டையும் வாரத்துக்கு 20 லீற்றரும். முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்தப் பங்கீடு 2023 செப்ரெம்பர் முதலாந் திகதி வரை நீடித்தது.