திருமுக்கூடல் ஆதுலர்சாலை

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு வழியாக வாலாஜாபாத் நோக்கிச் செல்வோர், பழைய சீவரத்தருகே பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடலை அடையலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இத்தலத்தில் எழுந்தருளியுள்ள வேங்கடேசப் பெருமாள் திருக்கோயிலில் வீரராஜேந்திர சோழனின் நெடிய சாசனம் ஒன்று உள்ளது. அவனது 5-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1068-ஐ ஒட்டிப் பொறிக்கப்பெற்ற அது உடையவர் காலத்ததேயாகும். கோயிலைச் சார்ந்து வேதபாடசாலையும் ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலையும் நடந்தமையை அது விரித்துரைக்கின்றது.

ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், சல்லியக்கிரியை பண்ணுவானுக்கு 30 கலம் நெல்லும் விதிக்கப்பட்டன. மூலிகை கொணர்ந்து மருந்து அடுவோர் இருவர், பிணியாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், நீர் கொணர்வார் ஒருவர் ஆகியோரும் ஊதியம் பெற்றனர். இரவு விளக்குக்கும் நிவந்தம் உண்டு. தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம், லசுனாதி தைலம், கல்யாண லவணம் முதலாக ஏறத்தாழ 20 மருந்துகள் ஓராண்டுக்குச் சேமிக்கப்பட வேண்டியவையாகப் பெயர் சுட்டப்பட்டுள்ளன.

இதனை ஊரார் அனைவர்க்குமான மருத்துவமனையெனப் புகழ்வோர் உளர். சாசனம் அவ்வாறு கூறவில்லை. பாடசாலை மாணாக்கரும் கோயிற் பணியாளருமே அங்குப் பேணப்பட்டனர். அவ்வெல்லையை மறைத்துப் புகழ்தல் சாசனத்திற்கு நேர்மையாகாது. எனினும் அதனால் அதன் சிறப்புக் குன்றாது. பெருமாளின் திருவமுது, திருவிளக்கு, மாணாக்கர் உணவு, நோயாளியின் மருந்து ஆகிய அனைத்தும் ஒரே கணக்கில் நிற்கின்றன. பகவத் கைங்கர்யத்தின் எல்லைநிலம் பாகவத கைங்கர்யம் என்பது பூர்வாசார்யர் கொள்கை. அது நெல்லும் காசுமாக நடைமுறைப்பட்டதை இங்குக் காண்கிறோம்.

திருவரங்கத்திலும் இம்மரபு உண்டு. அழிந்து கிடந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் மீட்டெடுத்துத் தன்வந்திரி எம்பெருமானைப் பிரதிஷ்டை செய்தமையை கி.பி. 1493-ஆம் ஆண்டுச் சாசனம் கூறும். சாலை அழிந்தும் அதன் நினைவு அழியாதிருந்ததே மீட்சிக்குக் காரணம்.

இன்று தாம்பரம் முதலான புறநகர்களில், விழாக்காலங்களில் மருத்துவ முகாம் நடத்தும் கோயில்கள் உள்ளன. அவை போற்றத்தக்கவையே. ஆயினும் நோய் விழாநாள் பார்த்து வருவதில்லை. திருமுக்கூடல் சாசனம் கற்பிப்பது ஒருநாள் தருமத்தையன்று. ஆண்டு முழுதும் எரியும் விளக்கையும், அதற்கென ஒதுக்கிய நிவந்தத்தையுமே ஆகும்.