தூசியை வடித்த வரலாறு

மோட்டார் சைக்கிள் பெட்ரோல் குடித்து ஓடுகிறது என்கிறோம். உண்மையில் அது குடிப்பதைவிட மூச்சிழுப்பதே மிகுதி. ஒரு கிராம் பெட்ரோல் எரிவதற்கு ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோல் தீர்வதற்குள் எஞ்சின் ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றை உள்ளே இழுத்துவிடுகிறது. அக்காற்றோடு வரும் தூசியில் மணற்பொடி கலந்திருக்கும். சிலிண்டரின் வார்ப்பிரும்பைக் காட்டிலும் மணல் கடினமானது. பிஸ்டனைச் சூழ்ந்த எண்ணெய்ப் படலத்தில் அது புகுந்தால் உப்புத்தாள் போல அராவிவிடும். வண்டி புகை கக்கும், எண்ணெய் குடிக்கும், ரீபோர் செய்யும் செலவும் வந்து சேரும்.

இதைத் தடுக்கும் காற்று வடிகட்டியில், கழுவிக் கழுவிப் பயன்படுத்துவது ஒரு வகை. அழுக்கேறியதும் எறிந்துவிடுவது மற்றொரு வகை. இரண்டில் எது மேல் என்னும் வழக்கு பட்டறை வாசல்களில் இன்னும் தீர்ந்தபாடில்லை. தீர்ப்புக் கூறுமுன், இவை பிறந்த கதையைக் கேட்பது நலம் என்று கருதுகிறேன்.

கதை உழவர் நிலத்தில் தொடங்குகிறது. 1915ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உழவர் ஒருவருடைய டிராக்டர் எஞ்சின் அடிக்கடி பழுதாயிற்று. அதை விற்ற நிறுவனத்தின் ஊழியராகிய பிராங்க் டொனால்ட்சன், குற்றம் எஞ்சினில் இல்லை, அது விழுங்கும் புழுதியில் உள்ளது என்று கண்டார். கம்பிக் கூடு ஒன்றின் மேல் மென்மயிர்த் துணியைப் போர்த்திக் காற்று புகும் குழாயில் பொருத்தினார். நம் டிராக்டருக்குக் குறையுண்டு என்று ஊரறியச் செய்துவிட்டாரே என நிறுவனத்தார் அவரை வேலையினின்று நீக்கினர்! அவர் தொடங்கிய வடிகட்டித் தொழிலோ இன்றளவும் நடந்து வருகிறது.

பின்னர் எண்ணெய்த் தொட்டி வடிகட்டி பரவியது. உள்ளே வரும் காற்று எண்ணெயின் மேற்பரப்பை ஒட்டிச் சட்டென்று திரும்பும். கனமான தூசி அவ்வாறு திரும்பமாட்டாமல் எண்ணெயில் விழுந்துவிடும். எஞ்சியது கம்பி வலையில் ஒட்டும். மண்ணெண்ணெயில் கழுவிப் புது எண்ணெய் வார்த்தால் மீண்டும் வேலைக்கு ஆயத்தம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் ஹார்லி டபிள்யூ.எல்.ஏ. மோட்டார் சைக்கிள் இத்தகைய வடிகட்டியைத் தாங்கிச் சென்றது.

வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போரில் மணல் இரு தரப்புக்கும் பகையாயிற்று. ஜெர்மானியரின் பி.எம்.டபிள்யூ. ஆர்.75 வண்டியில் கீழே இருந்த வடிகட்டியைப் பிறகு பெட்ரோல் தொட்டியின் உச்சிக்கே ஏற்றினார்கள். சக்கரம் கிளப்பும் புழுதிக்கு எட்டாத இடம் அதுதான். பிரிட்டிஷாரின் ஸ்பிட்பயர் விமானத்தில் மூக்கின் கீழ் பொருத்திய பெரிய வோக்ஸ் வடிகட்டி எஞ்சினைக் காத்தது. ஆனால் விமானத்தின் வேகத்தைக் குறைத்தது. அலெக்சாந்திரியாவுக்கு அருகே அபூகீர் பட்டறையில் அதனினும் சிறியது ஒன்றைச் செய்து மாற்றிக்கொண்டனர். காற்று தடையின்றி வரவேண்டும், தூசியோ வரலாகாது என்னும் இழுபறி அங்கு உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது.

போருக்குப் பின் காகிதம் வந்தது. பிசின் ஊட்டிய காகிதத்தை விசிறிபோல் மடித்து வைத்தால், சிறிய கூட்டினுள் பெரிய பரப்பு அடங்கிவிடும். இதில் ஒரு விந்தை உண்டு: படிந்த தூசியே மேலும் வரும் தூசியைப் பிடிக்கிறது. ஆகவே சற்று அழுக்கான காகிதம் புதியதைவிட நன்றாக வடிக்கும். மிக அழுக்கானாலோ மூச்சை அடைத்துவிடும். கழுவினால் கெடும், வேகமாகக் காற்றடித்தால் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். எண்ணெய் ஊட்டிய காகிதத்தைத் தட்டிக்கூடத் துப்புரவாக்கலாகாது.

எறிவதில் மனம் ஒப்பாதவர்களும் இருந்தனர். கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் கடை நடத்திய கென், நார்ம் என்னும் இருவர், பருத்தி வலைத்துணியை உலோக வலைகளுக்கிடையே மடித்து எண்ணெய் பூசிய வடிகட்டியை 1969ஆம் ஆண்டில் உருவாக்கினர். ‘கே அண்ட் என்’ என்ற பெயர் அவர்களுடைய முதலெழுத்துகளே. கரடுமுரடான தடங்களில் ஓடுவோர்க்கு எண்ணெயில் நனைத்த நுரைப்பஞ்சும் உற்ற துணையாயிற்று.

சென்னையில் 1955ஆம் ஆண்டில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது முதல் புல்லட் வண்டி நமக்கு வீட்டுப் பொருள் போலாகிவிட்டது. அதை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்டால், நான் காகிதத்தின் பக்கமே பேசுவேன். நகரத்துத் தார்ச்சாலையில் ஓடி, மாதக்கணக்கில் வண்டியைத் திறந்தே பார்க்காதவருக்கு அதுவே காவல். பருத்தி வடிகட்டியால் வலிமை கூடும் என்னும் விளம்பரம் பந்தய வண்டிக்குப் பொருந்தலாம். அலுவலகம் போய் வருபவர் அதை உணரமாட்டார். செம்மண் சாலையில் நாள்தோறும் போகிறவருக்கு நுரைப்பஞ்சு சிக்கனம். ஆனால் கழுவி, உலர்த்தி, அளவாய் எண்ணெய் பிழியும் பொறுமை வேண்டும். எண்ணெயின்றிக் காய்ந்த பஞ்சு நுண்தூசியைத் தடுக்காது. பெட்ரோலில் அதைக் கழுவும் வழக்கம் தீவிபத்துக்கு அழைப்பு. சோப்பு நீர் போதும். குப்பை பெருகுகிறதே என்பார்க்கு, சாக்கடையில் ஊற்றும் அழுக்கு மண்ணெண்ணெயும் குப்பைதான் என்பேன்.

எவ்வகையானாலும் வடிகட்டியின் ரப்பர் விளிம்பு கூட்டோடு இறுக அமரவேண்டும். அதற்கு அப்பால் கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண்நிறம் ஏறினால், தூசி சுற்றுவழியாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.