நீலத்திரையின் கடைசி வரி

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டில் தனது விண்டோஸ் 11 இயங்குதளத்தில் நீலத்திரையைக் கறுப்புத் திரையாக மாற்றியது. கணினி திடீரெனச் செயலிழக்கும் வேளையில் தோன்றி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் மனிதரைத் திகைக்க வைத்த நீலம் அவ்வாறு விடைபெற்றது. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில் எத்தனையோ மரண அறிவித்தல்களைச் செப்பனிட்டிருக்கிறேன். நீலத்திரைக்கும் ஒன்று எழுத வேண்டிய கடன் எனக்கு உண்டு. அக்கடன் 2004ஆம் ஆண்டின் இறுதி நாள்களில், திருகோணமலையில் ஏற்பட்டது.

அவ்வாண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலை ஆழிப்பேரலை இலங்கையின் கரைகளைத் தாக்கி முப்பதினாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோயிற்று. திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி எனக் கரையோர ஊர்கள் பல சிதைந்தன. கிண்ணியா வைத்தியசாலையையே கடல் அழித்தது. பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தஞ்சம் புகுந்தவர்களின் பெயர்கள் அப்பியாசக் கொப்பித் தாள்களில் எழுதப்பட்டு, உட்துறைமுகத்தை அண்டியிருந்த நிவாரண அலுவலகம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தன. அவற்றைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து கொழும்புக்கு அனுப்பும் பணியில் நானும் சேர்ந்துகொண்டேன். ஒரு பெயர் பத்திரிகையில் வெளிவந்தால், எங்கோ ஓரிடத்தில் ஒருவர் தம் உறவு உயிரோடிருப்பதை அறிவார் என்பதே எங்கள் எண்ணம்.

அலுவலகத்துக்குப் புதிதாகச் செய்மதி இணைப்பு ஒன்று கிடைத்திருந்தது. அதற்காகக் கணினியில் வலையமைப்பு அட்டையொன்றைப் பொருத்தி, அதற்குரிய மென்பொருளையும் புதுப்பித்திருந்தார்கள். தட்டச்சுச் செய்யும்வரை கணினி ஒழுங்காகவே இருந்தது. பெயர்ப்பட்டியலையும் படங்களையும் மின்னஞ்சலில் இணைத்து அனுப்பத் தொடங்கினால், ஒரு கணம் நீலம் மின்னும்; உடனே கணினி அணைந்து மீண்டும் எழும். இவ்வாறு பல தடவை நிகழ்ந்தது. வைரசு என்றார் ஒருவர். மின்னழுத்தம் சீரில்லை என்றார் இன்னொருவர். வன்தட்டை முற்றாக அழித்துவிட்டு விண்டோசை மீள நிறுவுவதே வழி என்றார் மூன்றாமவர். சோர்வின் மிகுதியால் நானும் அதற்கு உடன்படவிருந்தேன். ஆனால் இரண்டு நாளாகச் சேர்த்த பெயர்கள் யாவும் அந்த வன்தட்டிலேயே இருந்தன. தாள்களிற் பல ஈரத்தில் ஊறி, இரண்டாம் முறை வாசிக்க இயலாத நிலையை அடைந்திருந்தன.

அவ்வேளையில், உவர்மலைப் பக்கமிருந்து தொண்டுக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் குறுக்கிட்டார். ஏதோ ஒரு தனியார் வகுப்பில் கணினி கற்றுக்கொண்டிருந்தவர்.

"ஐயா, அந்த நீலத்தில என்ன எழுதியிருந்தது எண்டு வாசிச்சனீங்களோ?"

"வாசிக்க முன்னம் மறைஞ்சு போகுது தம்பி."

"அப்ப மறையாமல் பண்ணுவம். அதிலதான் ஆளின்ர பேர் இருக்கும்."

அவர் முதலில் வலையமைப்புக் கம்பியைப் பிடுங்கினார். கணினி அமைதியாக இயங்கியது. பெயர்ப்பட்டியல்களைப் பென் டிரைவ் ஒன்றிற் பிரதி எடுத்து என் கையில் தந்தார். அதன் பின்னரே மற்றவற்றைத் தொட்டார். விண்டோஸ் எக்ஸ்பி செயலிழந்தால் தானாகவே மீள இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது, அவ்வமைப்பை நீக்கினார். கம்பியை மீண்டும் செருகி, மின்னஞ்சலை அனுப்பினார். நீலத்திரை தோன்றி, இம்முறை அசையாது நின்றது. டி1 என முடியும் ஒரு நிறுத்தக் குறியெண்ணும், அதன் கீழே, கடைசி வரியில், 'சிஸ்' என முடியும் ஒரு கோப்பின் பெயரும் இருந்தன. அதை என் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். அது வலையமைப்பு அட்டையை இயக்கும் டிரைவரின் பெயர்.

டிரைவர் என்றால் பஸ் சாரதியையே அறிந்திருந்த எனக்கு, துறைமுகத்தைக் காட்டியே அவர் விளக்கம் தந்தார். பெரிய கப்பலொன்று துறைமுகத்துக்குள் நுழைகையில், பைலட் எனப்படும் துறைமுக வழிகாட்டி அதில் ஏறுகிறார். பாறையும் ஆழமும் அறிந்தவர் அவர். அவர் சொற்படியே கப்பல் திரும்புகிறது. கணினியின் இயங்குதளத்துக்கு உலகிலுள்ள ஒவ்வோர் அட்டையின் இயல்பும் தெரியாது. ஆகவே அட்டையைச் செய்த நிறுவனம் எழுதிய டிரைவரைக் கேர்னல் எனப்படும் தன் உட்கருவுக்குள்ளேயே அது அனுமதிக்கிறது. சாதாரண மென்பொருள் பிழைத்தால் அது மட்டுமே மூடப்படும். உட்கருவில் அமர்ந்திருக்கும் டிரைவர் பிழைத்தாலோ கப்பலே தரைதட்டும்.

வலையமைப்பு டிரைவர் இவ்வாறு பிழைப்பதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. தரவுப் பொதி ஒன்று வந்ததும் அட்டை செயலிக்குக் குறுக்கீட்டுச் சைகை அனுப்பும். செயலி கைவேலையை அப்படியே விட்டுவிட்டு டிரைவரிடம் ஓடும். அந்த அவசர நிலையில் இயங்கும் நிரலுக்கு ஒரு கடும் விதி உண்டு. நினைவகத்தில் அக்கணம் இருப்பதை மட்டுமே அது தொடலாம். இடம் போதாமையால் வன்தட்டுக்கு மாற்றப்பட்ட பக்கத்தைத் தொடலாகாது. வன்தட்டிலிருந்து அதை எடுத்துவரும்வரை காத்திருக்க அந்நிலையில் வழியில்லை. விதியை மீறிய டிரைவர் அகப்பட்டதும் உட்கரு அனைத்தையும் நிறுத்துகிறது. டி1 என்ற குறியெண்ணின் பொருள் இதுவே. தரவுப் போக்குவரத்து மிகும்போது குறுக்கீடுகளும் மிகும். ஒளிந்திருந்த பிழை வெளிப்படும். பெரிய படங்களை அனுப்பிய வேளையில் எங்கள் கணினி விழுந்த மர்மம் இவ்வாறு துலங்கிற்று.

நிறுத்துவது ஏன்? சிதைந்த நினைவகத்தோடு தொடர்ந்து இயங்கினால், அந்தச் சிதைவு வன்தட்டிலும் எழுதப்பட்டுவிடலாம். எங்கள் பெயர்களைக் கெடுக்க வந்ததாக நான் சபித்த திரை, உண்மையில் அவற்றைக் காக்கவே குறுக்கே நின்றது.

அந்தத் திரையின் வரலாற்றைப் பின்னர் தேடிப் படித்தேன். 1993ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் என்டி 3.1க்காக அதை எழுதியவர் ஜோன் வெர்ட் என்ற மைக்ரோசொப்ட் பொறியியலாளர். அவர் பயன்படுத்திய மிப்ஸ் வகைக் கணினியின் தொடக்கத் திரையும், நிரல் எழுதிய மென்பொருளும் நீலத்தில் வெள்ளை எழுத்துகளைக் கொண்டிருந்தன. அதனாலேயே அந்த நிறம். விண்டோஸ் 95இன் நீலத்திரையை இறுதி வடிவுக்குக் கொண்டுவந்தவர் ரேமண்ட் சென். 1997இல் 'வின்நியூக்' என்ற சிறு நிரல் பரவியது. வலையமைப்பு வழியாக ஒழுங்கற்ற ஒரு பொதியை அனுப்பியே தொலைவிலுள்ள விண்டோஸ் 95 கணினியை நீலத்திரையில் வீழ்த்த முடிந்தது. 1998 ஏப்ரலில், சிக்காகோவில் நடந்த கொம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்கவே, ஸ்கேனர் ஒன்றைச் செருகியதும் விண்டோஸ் 98 நீலமாகியது. கூட்டம் சிரித்தது.

சிரிப்புக்கு இலக்கானது மைக்ரோசொப்ட். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் வேறிடத்தில் இருந்தான். விண்டோஸ் எக்ஸ்பியில் அண்மையில் பதிவான செயலிழப்புகளில் 85 விழுக்காட்டுக்கு டிரைவர்களே காரணம் என 2003ஆம் ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தம் கட்டுரையொன்றிற் குறிப்பிட்டனர். இதற்கு மாற்றாகச் சில ஏற்பாடுகள் அதற்கு முன்னரே தொடங்கியிருந்தன. விண்டோஸ் 2000இல், டிரைவர்களை வேண்டுமென்றே நெருக்கிப் பிழையை வெளிக்கொணரும் சோதனைக் கருவி சேர்க்கப்பட்டது. 2001இல் வந்த எக்ஸ்பி, புதிய டிரைவர் பிழைத்தால் பழையதற்கே திரும்பும் வசதியைத் தந்தது.

எங்களைக் காத்தது அந்தக் கடைசி வசதிதான். இளைஞர் சாதன மேலாளரைத் திறந்து, வலையமைப்பு அட்டையைத் தெரிந்து, முந்தைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தானை அழுத்தினார். கணினியை மீள இயக்கி மின்னஞ்சலை அனுப்பினோம். பட்டியல் போயிற்று, படங்களும் போயின. எவரும் கைதட்டவில்லை. அடுத்த கட்டுத் தாள்கள் மேசைமேல் காத்திருந்தன.

இருபது ஆண்டுகள் கழிந்தும் பாடம் பழையதாகவில்லை. 2024 ஜூலை 19ஆந் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத்திரையில் வீழ்ந்தன. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் தடுமாறின. அது வலையமைப்பு அட்டையின் டிரைவரன்று. ஆயினும் உட்கருவுக்குள் அனுமதிக்கப்பட்ட ஒரு டிரைவரே. பல கணினிகளை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் தொடக்கி, தவறான கோப்பைக் கையால் நீக்கவேண்டி வந்தது.

செய்தி கொண்டுவந்தவனையே குற்றவாளியாக்கும் வழக்கத்தை என் தொழிலில் நிரம்பக் கண்டிருக்கிறேன். கணினி முன்னால் அமர்ந்தபோது நானும் அதையே செய்தேன் என்பதில் எனக்கு வெட்கமுண்டு. நிறம் கறுப்பானாலும் நிறுத்தக் குறியெண்ணும் பிழைத்த டிரைவரின் பெயரும் புதிய திரையிலும் இடம்பெறுகின்றன. உங்கள் கணினி அவ்வாறு விழுந்தால், அழித்து மீள நிறுவச் சொல்பவரின் பேச்சைக் கேட்குமுன், அப்பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். கடைசியாக எதைப் புதுப்பித்தீர்கள் என எண்ணிப் பாருங்கள். முக்கியமானவற்றைப் பிரதி எடுங்கள்.

அன்றைய குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில், மூதூரிலிருந்து வந்த பெயர்களுக்கும் நிலாவெளியிலிருந்து வந்த பெயர்களுக்கும் நடுவே, 'சிஸ்' என முடியும் அந்தக் கோப்பின் பெயரும் என் கையெழுத்தில் நிற்கிறது.