இன்ப அளவையும் நொய்யல் வழக்கும்

இன்ப துன்பங்களை அளந்து கூட்டியும் கழித்தும் ஒரு செயலின் தகுதியைத் துணியலாம் என்பது பயன்வழிக் கொள்கையினர் கருத்து. 1789இல் வெளிவந்த தம் நூலில் பெந்தாம் இதற்கு ஏழு அளவைகளை வகுத்தார்: செறிவு, நீட்டிப்பு, உறுதி, அண்மை, மேலும் இன்பம் ஈனும் ஆற்றல், துன்பக் கலப்பின்மை, நுகர்வோர் தொகை. இவற்றுள் இறுதியதாகிய தொகையொன்றே அக்கொள்கையின் சாரம் எனக் கொள்வார் பலர். அது பொருந்தாமையைத் திருப்பூரின் அண்மை வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

தொகையை மட்டும் நோக்கின் வழக்கு எளிதில் முடியும். பனியன் தொழிலால் வாழ்வோர் பல இலட்சவர். நொய்யலின் கீழ்மடை உழவரோ சில பல்லாயிரவர். ஆயின், சாயப்பட்டறைக் கழிவின் தன்மை வேறு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை நீக்கினவேயன்றிக் கரைந்த உப்பை நீக்கவில்லை. பாசனத்திற்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணை அவ்வுப்புநீரின் தேக்கமாயிற்று. ஒருவர் பெற்ற கூலி அன்றே செலவாகும். மண்ணிற் படிந்த உப்போ அடுத்த போகத்தையும் கெடுக்கும். நீட்டிப்பும் கலப்பின்மையும் உழவர் பக்கமே நின்றன என்க.

பணமே இன்ப துன்பங்களை அளக்கும் கருவி எனப் பெந்தாம் தம் கையெழுத்துப் படிகளில் எழுதினார். அக்கருவி இங்கும் ஆளப்பட்டது. 2004இல் சூழலியல் இழப்பு ஆணையம் 28,000க்கு மேற்பட்ட உழவர்க்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் வழங்குமாறு தீர்ப்பளித்தது. 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீர் லிட்டருக்கு 6 காசு எனத் தண்டம் விதித்து, அதனைப் படிப்படியே 8, 10 காசுகளாக உயர்த்தியது. துன்பத்தின் அளவு மும்மாதத்தில் மாறிவிடுவதன்று. ஆதலின் இவ்வேற்றம் அளவையன்று, அச்சுறுத்தலே என்பது எம் துணிபு.

இன்பத்தில் உயர்வு தாழ்வு உண்டு என்றும், இரண்டையும் நுகர்ந்தவரே அதற்கு நடுவர் என்றும் 1861இல் மில் கூறினார். (அவர் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர் என்பதும் நினைக்கத்தக்கது.) அத்தகு நடுவர்க்குத் திருப்பூரிற் பஞ்சமில்லை. பனியன் தொழில் முனைவோருள் பலர் உழவர் குடியினரே. இரு வாழ்வும் அறிந்தவர். அவர்தாமும் ஒருமித்த முடிவு கூறினாரல்லர்.

2009இல் உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்ற ஆணையை உறுதி செய்தது. அதன் பின்னும் கழிவு நில்லாமையின், 2011 சனவரி 28இல் உயர்நீதிமன்றம் சாய, வெளுப்புப் பட்டறைகளை மூடப் பணித்தது. ஆங்குத் தொகையும் காசும் எண்ணப்படவில்லை. ஒரு துளியும் வெளியேறலாகாது என்னும் வரம்பே நின்றது. வேலையிழந்தோர் துன்பம் சிறிதன்று. அவ்வாண்டே தமிழக அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கட்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. பின்னர்த் திறக்கப்பட்ட பட்டறைகளில், ஆற்றைக் கெடுத்த அவ்வுப்பே கழிவினின்று மீட்கப்பட்டு மீண்டும் சாயமேற்றப் பயன்படலாயிற்று.