பதிவு மேசையில் தொடங்கும் சிகிச்சை: தில்லிவாழ் ஆதிவாசிக் குடும்பங்களும் மனநல உதவியும்

தில்லி ஆர்.கே.புரத்தின் அரசுக் குடியிருப்புகளிலும், அவற்றை ஒட்டிய முனிர்கா, வசந்த் விஹார் பகுதிகளிலும் விடிந்ததும் வீட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்களில் ஜார்க்கண்டின் கும்லா, சிம்டேகா, குந்தி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருத்தி பல வாரங்களாகத் தூக்கமின்றித் தவிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனைக் கவுன்ட்டரில் 'க்யா தக்லீஃப் ஹை?' (என்ன தொந்தரவு?) என்று கேட்கிறார்கள். அவளுடைய இந்தி, சமையலறையில் நின்று கற்றுக்கொண்ட இந்தி. உப்புக்கும் துடைப்பத்துக்கும் சம்பளத்துக்கும் அதில் சொல் இருக்கிறது. நெஞ்சுக்குள் நடப்பதற்கு இல்லை. 'தலைவலி' என்கிறாள். ஓபிடி (புறநோயாளர்) சீட்டில் தலைவலி என்று விழுகிறது. பொது மருத்துவப் பிரிவின் வரிசையில் நின்று, மாத்திரையோடு திரும்புகிறாள்.

அவளை மனநல மருத்துவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அவரிடம் அவள் போய்ச் சேரவே இல்லை. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, கோளாறுக்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமல் இருப்பதாகக் கண்டது. மருத்துவர் பற்றாக்குறையே இதற்குக் காரணமாகப் பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆதிவாசிக் குடும்பங்களைப் பொறுத்தவரை, பதிவு மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார், எந்த மொழியில் கேட்கிறார், எதை எழுதிக்கொள்கிறார் என்பவையும் அதே அளவு முக்கியம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தில்லிக்கென்று பட்டியல் பழங்குடி எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தலைநகரின் பழங்குடி மக்கள்தொகை சுழியம். திர்கி, டோப்போ, குஜூர், லக்ரா என்ற குலப்பெயர்களை நாள்தோறும் அழைத்துக்கொண்டிருக்கும் ஊரில் அப்பெயர்களுக்கு உரிய ஆதிவாசிகள் கணக்கில் இல்லை. அபய் பங் தலைமையிலான பழங்குடியினர் நல்வாழ்வு வல்லுநர் குழு 2018-இல் வெளியிட்ட அறிக்கை இரண்டு செய்திகளைச் சொன்னது. நாட்டின் பழங்குடி மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் பழங்குடிப் பெரும்பான்மைப் பகுதிகளுக்கு வெளியே வாழ்கிறார்கள். மனநலமும் போதைப் பழக்கமும் அவர்களுடைய முதன்மையான உடல்நலச் சிக்கல்களுள் அடங்கும். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், மலையடிவாரத்துக்கு மட்டும் திட்டம் தீட்டுவது போதாது என்பது விளங்கும்.

மொழியைப் பற்றித் தமிழர்கள் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். ஜார்க்கண்டிலிருந்து வரும் ஓராவன் மக்கள் பேசும் குரூக் ஒரு திராவிட மொழி. அதில் 'ஏன்' என்றால் நான். 'நீன்' என்றால் நீ. ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திரில் கூடும் தில்லித் தமிழர்களான நமக்கும், நம் வீட்டில் வேலை செய்யும் அந்தப் பெண்ணுக்கும் இடையே இப்படியொரு பழைய உறவு கிடக்கிறது. 2003-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் சந்தாலியை மொழிகளுக்கான எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. குரூக்கும், முண்டா மக்களின் முண்டாரியும் இன்னும் வெளியேதான் நிற்கின்றன. அட்டவணையை நம்பி மொழிபெயர்ப்பாளரைத் தேடினால் இவர்களுக்கு யாரும் கிடைக்கமாட்டார்கள்.

மொழி மட்டும் போதாது. நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹபேட்டி ராம்ஸ்டன் வளர்த்தெடுத்த 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற கருத்தை அந்நாட்டுச் செவிலியர் மன்றம் 1992-இல் கல்வித் திட்டத்தில் ஏற்றது. நோயாளியின் சடங்குகளைத் தெரிந்து வைத்துக்கொள்வது இதன் சாரம் அன்று. சேவை பாதுகாப்பானதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அதைப் பெறுபவருக்கே உரியது. பணியாளர் தம்மிடமுள்ள அதிகாரத்தை முதலில் உணர வேண்டும். நம் பயிலரங்குகளில் 'பழங்குடிப் பண்பாட்டு அறிமுகம்' என்று நடத்தப்படுவதற்கும் இதற்கும் வெகுதூரம்.

இது இந்திய மண்ணில் நடக்கக்கூடியதா என்று கேட்பவர்கள் கூடலூரைப் பார்க்கலாம். நீலகிரியில் 1980-களின் நடுவில் தொடங்கிய அக்கார்டு அமைப்பின் பணியும் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் நில உரிமைப் போராட்டத்தில் வேர் பிடித்தவை. அதிலிருந்து முளைத்ததுதான் அஸ்வினி என்ற மருத்துவ அமைப்பு. 1990-இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் சமூகங்களிலிருந்தே செவிலியரும் ஊர் நலப் பணியாளரும் பயிற்சி பெற்றார்கள். தலைமுறைகளாகப் பண்ணை அடிமைகளாக நடத்தப்பட்ட பணியர், கேள்வி கேட்பவரைக் கண்டாலே வாய்மூடக் கற்றவர்கள். அவர்களிடம் தம் மொழியில், தம் ஊர்ப்பெண்ணே வந்து கேட்கும்போது அது விசாரணையாகத் தோன்றாது. நிலத்துக்காகச் சேர்ந்து நின்ற நம்பிக்கைதான் மருத்துவமனை வாசல்வரை அவர்களை அழைத்து வந்தது என்பது என் கணிப்பு. தில்லியில் அந்தப் போராட்ட வரலாறு இல்லை. ஆள் தேர்வுக்கான பாடத்தையாவது எடுத்துக்கொண்டு, ஆதிவாசிகளில் ஒருவரையே நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் இடையே சமூக ஒருங்கிணைப்பாளராக அமர்த்தலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போகக்கூடாது. தம் சமூகத்தவரே எதிரில் உட்கார்ந்தால் ரகசியம் ஊருக்குப் போய்விடாதா? ஊரே ஆபத்தாக இருக்கும்போது என்ன செய்வது? பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்தும் கொடுமைக்கு எதிராக ஜார்க்கண்ட் 2001-இல் 'டாயன்' தடுப்புச் சட்டத்தையே கொண்டுவர நேர்ந்தது. அப்படித் துரத்தப்பட்டு வந்தவளைக் குடும்பத்தோடு உட்காரவைத்து விசாரித்தால் அது இன்னொரு வன்முறை. எனவே யாரிடம் பேசுவது, யார் கூட இருப்பது என்ற தேர்வை முதல் நிமிடத்திலேயே, தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். முதலாளியம்மா துணைக்கு வந்திருந்தால் அவரும் சற்று வெளியே இருக்கட்டும். சமூக ஒருங்கிணைப்பாளர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவளுடையதே. பண்பாட்டுப் பாதுகாப்பை 'எல்லாவற்றையும் குடும்பத்தோடு' என்று சுருக்குவதை நான் ஏற்கவில்லை.

சட்டம் இதற்கு இடம் தருகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பண்பாட்டின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. 22-ஆம் பிரிவு, நோயாளிக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் தகவல் தரச் சொல்கிறது. கருவிகளும் இருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 2013-இல் தந்த பண்பாட்டு நேர்காணலில் 16 கேள்விகள். அதன் களச் சோதனையில் இந்தியாவும் இடம்பெற்றது. உங்கள் துன்பத்தை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று அது கேட்கிறது. 'தலைவலி' என்றவளிடம் இந்தக் கேள்வியைக் குரூக்கிலோ, ஜார்க்கண்டின் பொதுமொழியான சாத்ரியிலோ கேட்டுப் பாருங்கள். ஊரில் விட்டுவந்த பிள்ளை, கட்டாத கடன், ஏஜென்சிக்காரன் வாங்கிவைத்த அடையாள அட்டை என்று வரிசையாக வெளியே வரும். பாதிக்கு மருந்து தேவைப்படாது, சட்ட உதவி தேவைப்படும். ஒருங்கிணைப்பாளரின் வேலை அங்கேதான் கனக்கிறது: எதை மருத்துவரிடம், எதை வழக்கறிஞரிடம், எதை எங்கும் எழுதாமல் தம்மிடமே வைத்துக்கொள்வது என்று பிரிப்பது.

ஓர் எளிய ஏற்பாட்டிலிருந்து தொடங்கலாம். ஓபிடி பதிவு வேலைநாளின் காலையில் நடக்கிறது. வீட்டு வேலை செய்பவளுக்குக் கிடைக்கும் ஓய்வு பெரும்பாலும் ஞாயிறு பிற்பகல். அவர்களில் பலர் கிறித்தவர்கள். பூசை முடிந்து தம் ஊர்க்காரர்களோடு தம் மொழியில் பேசிக்கொண்டு நிற்கும் நேரம் அது. அந்தத் தேவாலய முற்றத்துக்கு அருகில், கதவு சாத்தக்கூடிய ஒரு சிறு அறையில், குரூக் தெரிந்த பெண் ஒருத்தி ஒரு மேசையோடு காத்திருக்கட்டும்.